சத்தம் மாறினால் சுவிட்சை அணை! – பக்கவாதத்தின் வரலாறும் ஒரு மகனின் தவறும்

(மின்னியல் துறை, 2005–2009 வகுப்பு மாணவன்)

மலர்க்குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் போன் செய்தான். "ஏதாவது எழுதிக் குடுடா. ஆனா ஹாஸ்டல் கதை வேண்டாம். மெஸ் சாம்பார், வார்டன், சுவர் ஏறிக் குதிச்சு ரெண்டாவது ஆட்டம் போனது எல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிட்டாங்க. வரலாறு மாதிரி ஏதாவது எழுது. படிச்சிட்டிருக்கிற பசங்களுக்கும் பயன்படணும்" என்றான்.

யோசித்துப் பார்த்தேன். கல்லூரி வரலாற்றை என்னைவிட நன்றாக எழுதும் பெரியவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வரலாறு ஒன்றே ஒன்றுதான். அதைப் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஆரம்பித்து, பத்து வருஷத்துக்கும் மேலாகக் கிடைத்ததையெல்லாம் வாசித்துத் தெரிந்துகொண்டது. அது பக்கவாதத்தின் வரலாறு. மலருக்குப் பொருத்தமில்லாத விஷயம் என்று முகம் சுளிக்காதீர்கள், நண்பர்களே. கடைசிவரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அப்பாவின் கடை

உடுமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சுற்றுப்பட்ட தோட்டங்களில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் எங்கள் கடைக்குத்தான் வரும். நான் நம் கல்லூரியில் மின்னியல் சேர்ந்ததற்கும் அந்தக் கடைதான் காரணம். மெஷின்ஸ் லேபில் மற்றவர்கள் ஸ்டார்டரைக் கண்டு பயந்தபோது, எனக்கு அது வீட்டுச் சாமான் மாதிரி இருந்தது.

மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்காது. உறுமும். மீதி இரண்டு பேஸில் கரண்ட் ஏறும், காயில் சூடாகும், கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாசனை வரும். அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. முழுக்கப் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டியதுதான். எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் ஒவ்வொரு விவசாயியிடமும் அப்பா ஒரே கேள்விதான் கேட்பார்: "சத்தம் மாறினப்பவே சுவிட்ச ஆஃப் பண்ணியிருக்க வேண்டாமாங்க?"

2013 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் சத்தீஸ்கரில் ஒரு மின் நிலையப் பணியிடத்தில் இருந்தேன். காலை ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு அப்பாவிடமிருந்து போன். "கண்ணு… அந்த… அது… அந்த…" என்று குழறலாக ஏதோ சொன்னார். வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுவது மாதிரி இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டவர் சரியில்லீங்கப்பா. மீட்டிங் இருக்குது, சாயங்காலம் கூப்பிடறேன்."

வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. சத்தம்தான் மாறியிருந்தது.

இருபத்தேழு மணி நேரம்

வீட்டில் நடந்ததை அப்புறம் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். ராத்திரி சரியாகத் தூங்காததால் அசதி என்று நினைத்துக் காபி கொடுத்திருக்கிறார். அது கடைவாயில் வழிந்திருக்கிறது. வலது கை தொங்கியிருக்கிறது. "கை மரத்துப் போச்சாட்ட இருக்குது, கொஞ்ச நேரம் படுங்க" என்று படுக்க வைத்திருக்கிறார். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, "காத்துப் பட்டிருக்குது" என்றார்கள். ஒருவர் புறா வாங்கிவர ஓடினார். புறா ரத்தத்தைச் சூட்டோடு தேய்த்தால் வாதம் இறங்கும் என்பது எங்கள் பக்கத்தில் பலகாலமாக இருந்துவரும் நம்பிக்கை. மத்தியானம் பக்கத்து ஊருக்கு எண்ணெய் போட்டு நீவிவிட அழைத்துப் போனார்கள். 108-ஐக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. அது பஸ் மோதினால் வரும் வண்டி என்று நினைத்திருந்தோம்.

அவர்களில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். எல்லோரும் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர்கள். மறுநாள் காலை பத்தேகாலுக்கு, பேச்சு முழுதும் நின்ற பிறகு, மாமா காரை வைத்துக் கோவைக்குக் கொண்டுபோனார். "டாக்டர் மொதல்ல பேரு கேக்கல, வயசு கேக்கல. 'எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?'ன்னுதான் கேட்டாரு" என்றார் மாமா. யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்ததும் அந்த டாக்டர் அதே கேள்வியை என்னிடமும் கேட்டார். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். 7.10. நாற்பத்திரண்டு வினாடி. எல்லோரும் தேடிய நேரம் என் சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது. எங்களூரிலிருந்து கோவைக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

அன்றிலிருந்துதான் கேட்க ஆரம்பித்தேன். ஏன் அந்தக் கேள்வி? எப்போதிலிருந்து டாக்டர்கள் அதைக் கேட்க ஆரம்பித்தார்கள்?

இரண்டாயிரம் வருஷத்துக் கைவிரிப்பு

சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கர்கள் இந்த நோயைப் பார்த்திருக்கிறார்கள். ஹிப்போகிரட்டீஸ் வழிவந்த நூல்களில் இதற்கு 'அப்போப்ளெக்ஸி' என்று பெயர். அடித்து வீழ்த்தப்பட்டவன் என்ற பொருளில் வருவது. இன்று நாம் சொல்லும் 'ஸ்ட்ரோக்' என்ற ஆங்கிலச் சொல்லும் 'அடி'தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு கை வந்து அடித்துவிட்டதாகவே உலகம் முழுக்க நினைத்தார்கள். நம் ஊரில் 'பாரிச வாயு' என்றார்கள். பாரிசம் என்றால் உடம்பின் ஒரு பக்கம். வாயு அந்தப் பக்கத்தில் புகுந்துகொண்டது என்று பொருள். எங்கள் பக்கத்து வீட்டார் சொன்ன 'காத்து' அங்கிருந்து வந்ததுதான். ஐரோப்பாவிலும் இதைவிட நல்ல விளக்கம் இருந்ததாக நினைக்க வேண்டாம். கபமோ கரும்பித்தமோ மூளையில் அடைத்துக்கொண்டது என்று ஆயிரம் வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சுவிட்சர்லாந்தில் ஷாஃப்ஹௌசன் நகரத்து மருத்துவர் யோஹான் யாகோப் வெப்ஃபர்தான் இந்த நோயில் இறந்தவர்களின் தலையைத் திறந்து பார்த்து, 1658-ல் புத்தகமாக எழுதினார். சிலருடைய மூளைக்குள் ரத்தம் கொட்டிக் கிடந்தது. மூளைக்குப் போகும் குழாய்களில் அடைப்பு ஏற்பட்டாலும் இது வரலாம் என்றார். அதாவது குழாய் வெடிப்பு, குழாய் அடைப்பு என்ற இரண்டு வகையும் அன்றே பிடிபட்டுவிட்டன! ஆறு வருஷம் கழித்து, 1664-ல், இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் மூளையின் அடியில் ரத்தக்குழாய்கள் வளையமாக இணைந்திருப்பதை விளக்கினார். நம் மின்னியல்காரர்கள் 'ரிங் மெயின்' என்று சொல்வது போன்ற அமைப்பு: ஒரு பக்கம் சப்ளை போனாலும் மறுபக்கத்திலிருந்து வரும். அந்தப் புத்தகத்துக்குப் படங்கள் வரைந்தவர்களில் ஒருவர், பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். சிவில் துறை நண்பர்கள் கவனிக்கவும்!

ஆனால் தெரிந்துகொண்டதால் நோயாளிக்கு என்ன லாபம்? ஒன்றும் இல்லை. மண்டையைத் திறந்து பார்ப்பது செத்த பிறகுதானே! உயிரோடு இருப்பவருக்கு உள்ளே வெடிப்பா அடைப்பா என்று உறுதியாகச் சொல்ல வழியே இல்லை. ஆகவே நேரத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஒரு மணி நேரத்தில் போனாலும், ஒரு நாள் கழித்துப் போனாலும் கிடைப்பது ஒன்றுதான்: படுக்கை.

பெரிய மனிதர்களும் மூடி மறைத்தலும்

பொதுமக்களுக்கு இந்த நோயைப் பற்றித் தெரியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகத்தின் பெரிய மனிதர்களுக்கு இது வந்தபோதெல்லாம் அதை மறைத்தார்கள்.

1919 அக்டோபர் 2-ஆம் தேதி அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனுக்கு இடது பக்கம் விழுந்தது. மனைவியும் டாக்டரும் சேர்ந்து அதை நாட்டுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். 1921 மார்ச் வரை அவரே அதிபர்! 1953-ல் சர்ச்சில் பிரதமராக இருந்தபோது அவருக்கும் வந்தது. அதுவும் அப்போது வெளியே சொல்லப்படவில்லை. அதே ஆண்டு மார்ச் முதல் தேதி ஸ்டாலின் தன் மாளிகை அறையில் விழுந்து கிடந்தார். கூப்பிடாமல் உள்ளே போகக் காவலர்களுக்குப் பயம். இரவில் பார்த்த பிறகும் மறுநாள் காலையில்தான் டாக்டர்கள் வந்தார்கள். மார்ச் 5-ல் இறந்தார். உலகமே நடுங்கிய மனிதருக்கு நடந்ததும் எங்கப்பாவுக்கு நடந்ததும் ஒன்றுதான். அங்கே பயத்தால் தாமதம், இங்கே அறியாமையால் தாமதம்.

இவர்களில் நமக்குப் பெரிய பாடம் ரூஸ்வெல்ட். 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூன் அவரைச் சோதித்தபோது ரத்த அழுத்தம் 186/108. பத்திரிகைகளுக்கு என்னவோ அதிபர் நலமாக இருக்கிறார் என்றே செய்தி போனது. 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி, படம் வரைவதற்காக உட்கார்ந்திருந்தவர், தலையின் பின்பக்கம் பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அழுத்தம் 300/190. மூளையில் ரத்தக் கசிவு. அன்றே முடிந்துவிட்டது. அவருடைய தனி மருத்துவர் இது திடீரென்று வந்தது என்றார். ஒரு வருஷமாகக் கேஜ் சிவப்பில் நின்ற பாய்லர் வெடித்தால் அதைத் 'திடீர்' என்று எந்த எஞ்சினியராவது ஒத்துக்கொள்வாரா?

நியாயமாகச் சொல்வதானால் அன்று நல்ல மாத்திரையும் கிடையாது. வயதானால் அழுத்தம் ஏறுவது இயற்கை என்றுகூட நம்பியவர்கள் உண்டு. 1948-ல் அமெரிக்காவில் இதய ஆய்வுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அதே ஆண்டு ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் ஆயிரக்கணக்கானவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து சோதிக்கும் ஆய்வு தொடங்கியது. உயர் ரத்த அழுத்தத்துக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள உறவு அதில் தெளிவானது. 1958-ல் உடலின் உப்பையும் நீரையும் வெளியேற்றும் மாத்திரைகள் வந்தன. அழுத்தத்தைக் குறைத்தால் பக்கவாதமும் குறையும் என்பதை 1967-ல் வந்த ஓர் ஆய்வு நிரூபித்தது. ஆக, வராமல் தடுக்க வழி கிடைத்தது. வந்துவிட்டால்?

ஓர் எஞ்சினியரின் கொடை

இங்கேதான் நம் ஆள் ஒருவர் வருகிறார்! காட்ஃப்ரி ஹௌன்ஸ்ஃபீல்டு, இங்கிலாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் ரேடார் வேலை. பிறகு ஒரு மின்பொறியியல் கல்லூரியில் டிப்ளமோ. வேலை பார்த்தது ஈ.எம்.ஐ. கம்பெனியில். பீட்டில்ஸ் பாட்டுத் தட்டுகளை வெளியிட்ட அதே கம்பெனி. ஒரு பெட்டியைத் திறக்காமலே, எல்லாத் திசைகளிலிருந்தும் கதிரைச் செலுத்தி, வெளியே வரும் அளவுகளைக் கணக்குப் போட்டால் உள்ளே இருப்பதைச் சொல்லிவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. ஆய்வகத்தில் முதல் படம் எடுக்க ஒன்பது நாள் ஆனது. கணக்குப் போடக் கம்ப்யூட்டருக்கு மேலும் இரண்டரை மணி நேரம்!

1971 அக்டோபர் முதல் தேதி லண்டன் விம்பிள்டனில் உள்ள ஆட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை சி.டி. ஸ்கேனில் தெரிந்தது. 1979-ல் ஹௌன்ஸ்ஃபீல்டுக்கும், இதே கணக்கைத் தனியாகப் போட்டிருந்த இயற்பியலாளர் ஆலன் கார்மாக்குக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு. ஓர் எஞ்சினியருக்கு மருத்துவ நோபல்!

அந்த மிஷினில் புது ரத்தக் கசிவு வெள்ளையாகத் தெரியும். ரத்தம் போகாமல் செத்த பகுதி, சில மணி நேரம் போனபின் கறுப்பாகத் தெரியும். வெப்ஃபர் மண்டையைத் திறந்து பார்த்ததை இனி உயிரோடு இருப்பவருக்கே பார்க்கலாம். ஸ்கேன் இல்லாமல் அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்கவே முடியாது. உள்ளே கசிவு இருந்தால் அதே மருந்து ஆளைக் கொன்றுவிடும்.

கடிகாரம் ஓட ஆரம்பித்த வருஷம்

மூளை நம் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. நூறு கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் வேண்டும். அது 20-க்குக் கீழே இறங்கினால் செல்கள் வேலையை நிறுத்திவிடும். 10-க்கும் கீழே போனால் சில நிமிடங்களில் செத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பகுதி இருக்கிறது: வேலை செய்யாது, ஆனால் சாகவும் இல்லை. 1981-ல் விஞ்ஞானிகள் இதற்கு கிரகணத்திலிருந்து பெயர் எடுத்து 'புறநிழல்' என்ற பொருளில் வைத்தார்கள். முழு இருட்டைச் சுற்றி இருக்கும் மங்கல் பகுதி. ரத்தம் சீக்கிரம் திரும்பினால் அங்கே வெளிச்சம் வரும். நேரம் போகப் போக முழு இருட்டு பரவி அதையும் விழுங்கும். பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-ல் ஜெஃப்ரி சேவர் என்ற மருத்துவர் கணக்கிட்டார்.

எங்கப்பா வேறு பாஷையில் இதைத்தானே சொன்னார்? உறுமிக்கொண்டிருக்கும் மோட்டார் இன்னும் எரியவில்லை. அந்தச் சில நிமிடங்கள்தான் எல்லாம்.

1995 டிசம்பரில் அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. அடைப்பைக் கரைக்கும் 'டி.பி.ஏ.' என்ற மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் நரம்பில் ஏற்றினால், பெரிய ஊனம் இல்லாமல் மீள்வோர் அதிகம் என்று தெரிந்தது. ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மூளையில் கசிவு ஏற்பட்டது. அப்படியும் மொத்தக் கணக்கில் லாபமே அதிகம். 1996-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. 2008-ல் அந்த அவகாசம் நாலரை மணி நேரம் வரை நீளலாம் என்று தெரியவந்தது. 2015-ல் இன்னொரு பெரிய திருப்பம்: தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை மூளை வரை செலுத்தி அடைப்பையே இழுத்து எடுப்பது பலன் தரும் என்று ஐந்து ஆய்வுகள் நிரூபித்தன. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டு எடுப்போமே, அது மாதிரி! 2018-ல், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட இது உதவும் என்றார்கள். எல்லோருக்கும் இல்லை. சீக்கிரம் போனால்தான் அதிகப் பலன் என்ற விதி மாறவே இல்லை.

இப்போது புரிகிறதா, டாக்டர் ஏன் பேரைக் கேட்காமல் நேரத்தைக் கேட்டார் என்று? இரண்டாயிரத்து நானூறு வருஷமாக இந்த நோய்க்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. 1995-ல்தான் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. மருத்துவம் அன்றே மாறிவிட்டது. நாம்தான் இன்னும் அந்தப் பழைய காலத்திலேயே, 'கொஞ்ச நேரம் படுங்க' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம் நாட்டில் வசதி இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது வேலூரில்தான். அடுத்த ஆண்டே சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். 108 வண்டி தமிழ்நாட்டில் 2008-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் வந்தது. வண்டி வரும். கூப்பிட வேண்டியவர் நாம்.

எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது

அப்பாவுக்கு வந்தது இடது மூளையில். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. 1861-ல் பாரிஸில் பால் புரோகா என்ற மருத்துவர், பேச்சுக்கான இடம் மூளையின் இடது முன்பக்கத்தில் இருக்கிறது என்று காட்டினார். அவருடைய நோயாளி ஒருவர் எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்று மட்டும் சொல்வாராம். எங்கப்பாவுக்கு அதுகூட வரவில்லை.

அறிவு எங்கும் போகவில்லை, சொல்தான் வரவில்லை. இது வந்து போகிறவர்களுக்குப் புரியவில்லை. செவிடரிடம் பேசுவது மாதிரிக் கத்திப் பேசினார்கள். சிலர் அவர் எதிரிலேயே, "இனி எத்தனை நாளைக்கோ" என்று அம்மாவிடம் விசாரித்தார்கள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். காரணமில்லாமல் திடீரென்று அழுவார். நோயின் விளைவாகவே அப்படி அழுகை பீறிடுவது உண்டு என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அதுவரை அம்மாவும் கூடச் சேர்ந்து அழுதுகொண்டிருந்தார்.

ஐந்தாவது வாரம், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்மணி, "உங்கப்பா தினமும் வாய்விட்டுச் சொல்ற விஷயம் ஏதாவது உண்டாங்க?" என்று கேட்டார். காயில் சுற்றும்போது சுற்றுகளை எண்ணுவார் என்றேன். ஒரு துண்டுக் கம்பியை இடது கையில் கொடுத்து, பென்சிலில் சுற்ற வைத்து, "ஒண்ணு…" என்று ஆரம்பித்தார். அப்பா, "ரெண்டு, மூணு, நாலு…" என்று இருபது வரை தங்குதடையில்லாமல் எண்ணினார்! அம்மா பெயர் வராத வாயில் எண்கள் வரிசையாக வந்தன. பழகிப்போன வரிசைகளை மூளை வேறு விதமாகச் சேர்த்து வைத்திருப்பதால் இப்படிப் பலருக்கு மிஞ்சுமாம். அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. இன்றைக்கும் நாலைந்து சொல்லுக்கு மேல் சேர்ந்தாற்போல வருவதில்லை.

பக்கவாதத்தோடு வாழ்க்கை முடிந்துவிடுகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லூயி பாஸ்டருக்கு 1868-ல், 45 வயதில், இடது பக்கம் விழுந்தது. வெறிநாய்க்கடிக்கு அவர் தடுப்பூசி போட்டது 1885-ல்! ஸ்வீடன் கவிஞர் டூமாஸ் டிரான்ஸ்ட்ரோமருக்கு 1990-ல் பேச்சும் வலது கையும் போயின. இடது கையால் பியானோ வாசித்தார், கவிதையும் எழுதினார், 2011-ல் நோபல் பெற்றார். எங்கப்பா பாஸ்டர் இல்லை. ஆனால் தினமும் காலை பத்து மணிக்குக் கோலை ஊன்றிக்கொண்டு கடைக்குப் போய் உட்காருகிறார். வேலையைப் பசங்கள் செய்கிறார்கள். கட்டி முடித்த மோட்டாரை ஓடவிட்டதும் அப்பா தலையைச் சாய்த்துக் கேட்பார். சரியாக இருந்தால் தலையாட்டுவார். இல்லாவிட்டால் இடது கையைத் தூக்குவார். உடனே அணைத்துவிட வேண்டும்!

ஒரு தடவை சரியாகச் செய்தது

2021-ல் நான் வேலை பார்த்த சைட்டில், காலை டீ நேரத்தில் ஒரு வெல்டர் அண்ணனின் டம்ளர் கையிலிருந்து நழுவியது. மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "அண்ணே, பல்லைக் காட்டிச் சிரிங்க" என்றேன். வாய் ஒரு பக்கம் கோணியது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். ஒன்று இறங்கியது. மணி பத்து ஐந்து. அதை என் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஐம்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் கேட்டார்: "எத்தனை மணிக்கு?" கையை விரித்துக் காட்டினேன். மருந்து ஏற்றினார்கள். இரண்டு மாதத்தில் அண்ணன் நடந்து வந்தார். இடது கை விரல்களில் கொஞ்சம் பலவீனம் இருக்கிறது. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனாலும் அன்று இரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷம் பாதி, அப்பாவின் நினைவு பாதி.

தம்பி தங்கைகளுக்கு

இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறை பக்கவாதம் வரக்கூடும் என்று 2018-ல் வெளியான உலக அளவிலான கணக்கு சொல்கிறது. நாங்கள் அறுபது பேர் ஒரு வகுப்பு. நீங்களே வகுத்துப் பாருங்கள்.

பரீட்சைக்கு எவ்வளவோ மனப்பாடம் செய்கிறீர்கள். இதையும் செய்யுங்கள். முகம், கை, பேச்சு, நேரம். சிரிக்கச் சொன்னால் முகம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கினால் ஒன்று இறங்குகிறதா? ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொன்னால் குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108. இங்கிலாந்தில் 1998-ல் இதுபோன்ற எளிய சோதனையை ஆம்புலன்ஸ்காரர்களுக்காக உருவாக்கினார்கள். திடீரென்று பார்வை மங்கினாலும், நிற்க முடியாமல் தள்ளாடினாலும், இதுவரை வராத மாதிரித் தலை வலித்தாலும் கிளம்ப வேண்டியதுதான். வாயில் தண்ணீர், காபி எதுவும் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும். வெடிப்பா அடைப்பா என்று தெரியாமல் ஆஸ்பிரினும் கொடுக்காதீர்கள். பத்து நிமிஷத்தில் தானாகச் சரியானாலும் 'போயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். பெரிய அடிக்கு முன்னால் வரும் எச்சரிக்கை அது. சி.டி. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரி உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

என் வகுப்புத் தோழர்களுக்கு: நமக்கும் நாற்பது நெருங்குகிறது. கடைசியாக எப்போது ரத்த அழுத்தம் பார்த்தீர்கள்? புகை, சர்க்கரை, உட்கார்ந்தே இருக்கும் வேலை எல்லாம் கணக்கில் சேரும். ஆனால் முதல் எதிரி அழுத்தம்தான். அது சத்தமே போடாது. எங்கப்பாவுக்கு இருந்தது. மாத்திரை வாங்கினார், 'தலைவலி இல்லையே' என்று நிறுத்திவிட்டார். நானும் கேட்கவில்லை.

மலர்க்குழுவுக்கும் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். சந்திப்பு நாளன்று பதிவு மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு மேஜை போடுவோம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு ஒரு நர்ஸ் உட்காரட்டும். பேட்ஜ் வாங்கும் கையோடு எல்லோரும் ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே வரலாம். அதற்கான செலவை எங்கள் 2009 வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 29 உலக பக்கவாத நாள். அன்று நம் கல்லூரியில் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அவர்கள் ஊருக்குப் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்வார்கள். அப்படிச் சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இன்று இரவு வீட்டுக்குப் போன் செய்யுங்கள். மீட்டிங் இருந்தாலும் இரண்டு நிமிடம் பேசுங்கள். என்ன பேசுகிறார்கள் என்பதோடு, எப்படிப் பேசுகிறார்கள் என்றும் கேளுங்கள். குரலில் ஏதாவது மாறியிருந்தால் டவரைக் குறை சொல்லாதீர்கள்.

சந்திப்பு நாளன்று நேரில் பார்ப்போம்.